நடுச்சாம வாச்: போர்க்கடலில் கண் அயராமல் நிற்பது எப்படி?

கப்பல் வேலைக்குப் புறப்படும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் சம்பளத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு இரண்டாவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது. "அண்ணை, அந்தப் பக்கம் போனால் நாங்கள் என்ன செய்யலாம்?" வாச்சில், அதாவது முறைபோட்டுக் கடலைப் பார்த்து நிற்கும் காவலில், வடிவாக நில்லுங்கள் என்று சொல்வேன். முகம் சுருங்கிப்போகும். ஏதோ துவக்கு, தலைக்கவசம், கவச உடுப்பு என்று பெரிய விஷயமாகச் சொல்வேன் என்று நினைத்து வந்திருப்பார்கள்.

சரக்குக் கப்பலில் துவக்கு கிடையாது. கூலிக் காவலர்கள் ஏறினாலும் அவர்களும் யாராவது ஒருவர் முதலில் கண்டு சொன்ன பிறகுதான் எழும்புவார்கள். போர்க்கப்பலிலும் அதே கதைதான்: எத்தனை பீரங்கி இருந்தாலும் ஒரு மாலுமி "அங்கே பாருங்கள்" என்று சொல்லும்வரை அது வெறும் இரும்பு. அந்த ஒரு மாலுமியாக எப்படி நிற்பது என்பதைத்தான் எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். விழிப்பாக நிற்பதற்கு மனவுறுதி மட்டும் போதாது. மனவுறுதியுள்ளவர்களும் தூங்கியிருக்கிறார்கள். அது ஒரு தொழில்; படிப்படியாகப் பழக வேண்டியது.

முதலில் நம் திருகோணமலைத் துறைமுகத்துக் கதை

1942 ஏப்ரல் 4ஆம் திகதி. கொக்கலையில் இருந்து கிளம்பிய ஒரு கட்டலினாக் கடல் விமானம் இலங்கைக்குத் தெற்கே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் கனடாக்காரரான லெனார்ட் பேர்ச்சல். விடியலில் இருந்து வெறும் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருக்கும். வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. "மீன்பிடிப் படகாக இருக்கும், விடு" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிப் படை. சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்பில் குண்டு விழுந்தது. முதல் நாளே செய்தி கிடைத்திருந்தும், ரத்மலானையில் சண்டை விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையின் முறை. இங்கே கதை கொஞ்சம் மாறியது. முதல் நாளே படை வருவது தெரிந்ததால் இரவோடிரவாகத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். காலையில் ராடார் முன்கூட்டியே கண்டது; ஹரிக்கேன் விமானங்கள் மேலே ஏறி நின்றன. ஆனாலும் அடி பலமாகத்தான் விழுந்தது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்றின் மேல் ஒரு ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்ததை ஊரில் பெரியவர்கள் இன்னும் கதைப்பார்கள்.

அந்த இரவு வெளியேறிய கப்பல்களில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியும் ஒன்று. அதில் அப்போது விமானமே இல்லை. திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் ஒரு ஜப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. சில மணி நேரத்தில் 307 பேரோடு கடலுக்கடியில். கூடப் போன வம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் அதே காலையில் மூழ்கியது.

பேர்ச்சலின் ஆட்கள் கண்டது ஒரு பார்வை, ஹெர்மிஸைக் கண்டது இன்னொரு பார்வை. நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உங்களையும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதை வாச்சில் மறக்கக்கூடாது.

ஒரு நாள் முன்னால்: தூக்கத்தைச் சேர்த்து வையுங்கள்

வாச் தொடங்குவது கப்பலை நடத்தும் மேல்தளமான பிரிட்ஜில் அல்ல, கட்டிலில். சரக்குக் கப்பலில் வழமையாக மூன்று முறை: பன்னிரண்டு - நாலு, நாலு - எட்டு, எட்டு - பன்னிரண்டு. பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. கடற்படையில் மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள நேரத்தை இரண்டிரண்டு மணியாக வெட்டி, நாளில் ஏழு வாச்சாக்கி, ஒரே ஆள் தினமும் நடுச்சாமத்தில் மாட்டாமல் சுழற்றுவார்கள். நம் ஆட்கள் இரவை நான்கு சாமமாகப் பிரித்த மாதிரித்தான். கோயில் மணி போலக் கப்பலிலும் அரை மணிக்கு ஒரு மணி அடித்து, நான்கு மணி நேர முடிவில் எட்டு அடிப்பார்கள்.

சர்வதேச விதிப்படி உங்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை அதிகம் போனால் இரண்டாக மட்டுமே பிரிக்கலாம். அதில் ஒன்று 6 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. தாளில் எழுதியிருப்பதற்கும் கப்பலில் நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். துறைமுகத்தில் சரக்கு இறக்கிய இரவே கடலில் வாச் நிற்க வேண்டி வரும். அப்படிப்பட்ட நாளில் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவனின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவனுடையது போல வேலை செய்யும். குடித்துவிட்டு வாச்சுக்குப் போக மாட்டீர்கள் அல்லவா?

ஆகவே ஆபத்தான கடற்பகுதி நாளைக்கு வருகிறது என்றால் இன்றைக்கே தூங்குங்கள். பகல் தூக்கம் சோம்பேறித்தனம் என்று அம்மா சொன்னதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். கபின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், போனை எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டாரோடு வீடியோவில் கதைத்துக் கதைத்து மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வாச்சுக்கு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாப்பாடும் இதில் சேரும். வாச்சுக்கு முன் வயிறு முட்டச் சோறு வேண்டாம். முருங்கையிலை, கரட், முட்டை கிடைத்தால் விடாதீர்கள். விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அது கதையல்ல.

அரை மணி நேரம் முன்னால்: கண்ணைப் பழக்குங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். நல்ல வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்கு வரும் கண் முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் எடுக்கும். பன்னிரண்டு மணி வாச்சுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு அறையின் வெள்ளை வெளிச்சத்தில் இருந்து ஓடிவந்தால், பன்னிரண்டரை வரை நீங்கள் பாதிக் குருடு. அந்த அரை மணி நேரத்தில் கப்பல் நடக்கும் தூரம் ஏழு கடல் மைல்.

தூங்கி எழுந்தவுடன் வருவதும் பிழை. எழுந்த பிறகு கால் மணியோ அரை மணியோ மூளை மந்தமாகத்தான் இருக்கும். வாச்சுக்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து, முகம் கழுவி, மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் உடுப்பை மாட்டி, இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போங்கள். சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு: கடல் வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சிட்டது சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துபோகும். எச்சரிக்கைகளைச் சிவப்பில் அச்சிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போனை ஒருமுறை திறந்து பார்த்தால் இருபது நிமிட உழைப்பு போச்சு. அதோடு அந்த வெளிச்சம் வெளியேயும் தெரியும். போர்க்காலக் கப்பலில் ஜன்னல் மூடி, கதவுத் திரை எல்லாம் இதற்காகத்தான். தளத்தில் நின்று சிகரெட் பற்ற வைப்பவனை ஒரு தடவை அன்பாகச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை மாலுமிகளின் தலைவரான பொசனிடம் சொல்லுங்கள்.

கையேற்கும்போது

"என்ன மச்சான், ஒன்றுமில்லையே?" "ஒன்றுமில்லை." இப்படி முடியும் கையேற்பு கையேற்பே அல்ல. தெரியும் ஒவ்வொரு வெளிச்சத்தையும் பழைய ஆள் விரலால் காட்ட வேண்டும், நீங்கள் அதைக் கண்டுவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் நிலா, எங்கே மழை மேகம், ராடாரில் எது பிடிக்கவில்லை, எந்த மீன்பிடிப் படகு அரை மணியாகக் கூடவே வருகிறது, கப்டன் என்ன சொல்லிவிட்டுப் படுத்தார், பைனாகுலர் யாரிடம் என்பதையெல்லாம் கேளுங்கள். கண் இன்னும் பழகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "அஞ்சு நிமிசம் நில்லு." அவன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.

எப்படிப் பார்ப்பது

கடலை அப்படியே ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் கண் பார்ப்பதில்லை. நின்ற கண்தான் பார்க்கும். எனவே உங்கள் பக்கத்தைத் துண்டுதுண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. கப்பலின் முன்முனையான முன்னணியத்தில் இருந்து தொடங்கி, ஒரு முஷ்டி, நிறுத்தம், சில விநாடி. அடுத்த முஷ்டி, நிறுத்தம். பக்கவாட்டுக்கு வர ஒன்பது நிறுத்தம். அப்புறம் பின்னால் திரும்பிப் பின்னணியம் வரை. பின்பக்கத்தை எல்லோரும் மறப்பார்கள், துரத்திக்கொண்டு வருபவன் அங்கே இருந்துதான் வருவான். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மேலே மிதந்து போகும்போது நான்கு பேரை நிறுத்தி ஆளுக்குக் கால் வட்டம் கொடுத்தார்கள். தன் கால் வட்டத்தை விட்டு மற்றவன் பக்கம் வேடிக்கை பார்க்கக்கூடாது. ஒரு பக்கம் ஏதாவது எரிந்தால் நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடி மறுபக்கத்தில் இருந்து வரும்.

இரவில் இன்னொரு வித்தை. மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கண்ணின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் உரியது. இருட்டில் பார்க்கும் கலங்கள் அதன் ஓரத்தில்தான் அடர்த்தி. எனவே அடிவானத்தைக் குத்திப் பார்க்காமல் அதற்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். கீழே இருப்பது தானாகத் தெரியும். நம்பாவிட்டால் இன்று இரவே கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் என்று நேராகப் பார்த்து எண்ணுங்கள், பிறகு கொஞ்சம் தள்ளிப் பார்த்து எண்ணுங்கள்.

ஒற்றை வெளிச்சத்தை இருட்டில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வதுபோல் தோன்றும். நகர்வது வெளிச்சமல்ல, உங்கள் கண். பக்கத்தில் ஒரு கம்பியையோ ஜன்னல் ஓரத்தையோ வைத்து ஒப்பிட்டால் உண்மை தெரியும். பகலில் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு தொல்லை: பிடிக்க ஒன்றும் இல்லாத கண் தானாகவே ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தூரத்துக்கு வந்து நின்றுவிடும். திறந்த கண்ணோடு ஒன்றும் தெரியாமல் நிற்பீர்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன் பாய்மரத்தையோ தூரத்து மேக விளிம்பையோ பார்த்துக் கண்ணைத் தூரத்துக்கு அனுப்புங்கள்.

பைனாகுலர் பற்றி நிறையக் கேட்பார்கள். இரவுக்கு 7x50 தான்: ஏழு மடங்கு பெருக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்; இருட்டில் விரிந்த கண்மணியும் அந்த அளவுதான். பத்து மடங்கு பெருக்குவதை வாங்கினால் வெளிச்சமும் குறையும், கப்பல் குலுக்கத்தில் படமும் நடுங்கும். வெறுங்கண்ணால் தேடுங்கள், பைனாகுலரால் உறுதிப்படுத்துங்கள். மாற்றிச் செய்பவர்கள் ஒரு சின்ன வட்டத்துக்குள் உலகத்தைத் தொலைப்பார்கள்.

இதையெல்லாம் பழகக் கப்பல் வேண்டாம், திருகோணமலையே போதும். பொழுதுபட்ட பிறகு டச்பே கரையில் நின்று முஷ்டி முஷ்டியாக எண்ணி, கடலில் உள்ள வள்ளங்களின் வெளிச்சத்தைக் கணக்கெடுங்கள். இருபது நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள், எத்தனை கூடுகிறது பாருங்கள். கோணேசர் கோயில் மலைக்கு ஏறிப் பகலில் பாருங்கள். கண் உயரத்தின் மீட்டர் கணக்கின் வர்க்கமூலத்தை 3.9 ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும்: கரையில் நிற்பவனுக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை, 16 மீட்டர் உயரப் பிரிட்ஜில் பதினைந்தரை, நூறு மீட்டர் உயரத்தில் முப்பத்தொன்பது. நிலாவெளிப் பக்கம் கரைவலைக்காரரைக் கவனியுங்கள். தண்ணீரின் நிறம் ஒரு பிடி மாறியதை வைத்து மீன்கூட்டம் என்று சொல்லும் மனிதர்கள். பொருளைத் தேடாதே, மாற்றத்தைத் தேடு என்பதை நான் படித்தது அவர்களிடம்தான், எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் அல்ல.

எதைப் பார்ப்பது: எம்டன் பாடம்

கெட்டிக்காரனை, எமகாதகனை நம் ஆட்கள் "அவன் பெரிய எம்டன்" என்பார்கள். அந்தச் சொல் 1914 செப்டம்பர் 22ஆம் திகதி சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பலில் இருந்து வந்தது. ஆனால் அதன் பெரிய எத்து அடுத்த மாதம் பினாங்கில் நடந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி, பிரித்தானியக் கப்பல் போலத் தெரியும்படி, அக்டோபர் 28 விடியற்காலையில் நேராகத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல். அதன் கப்டன் கரையில். வெடிபொருளில் பெரும்பகுதி பூட்டுக்குள். டோர்பிடோ பட்டபிறகுதான் பலருக்கு வந்தது யார் என்றே தெரிந்தது.

நான்கு புகைபோக்கி என்றால் நம் ஆள் என்று எதிர்பார்த்த கண் அதையே பார்த்தது. இன்றைக்கும் இதேதான். செங்கடலில் மீன்பிடிப் படகுபோல் தெரிவதில் பெரும்பாலானது மெய்யாகவே மீன்பிடிப் படகு. வலை அறுந்துவிடும் என்ற பயத்தில் உங்களை நோக்கி வேகமாக வந்து கையை ஆட்டுவான் பாவம். ஆனால் 2024 ஜூன் 12ஆம் திகதி டியூட்டர் என்ற கப்பலை இடித்து வெடித்த சின்னப் படகு ஆளில்லாதது. எனவே "என்னமாதிரித் தெரிகிறது" என்பதை விட "என்ன செய்கிறது" என்று பாருங்கள். வலை இருக்கிறதா? ஏணி இருக்கிறதா? நாம் திசை மாற்றினால் அதுவும் மாறுகிறதா? திசைமானியில் அதன் பாகை மாறாமல் அப்படியே நின்று, தூரம் மட்டும் குறைந்தால், அது நம்மிடம்தான் வருகிறது.

நேரக் கணக்கை மனதில் வையுங்கள். 25 நொட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகப் படகு முன்னால் இருந்து வருகிறது, நம் கப்பல் 15 நொட். நான்கு கடல் மைலில் கண்டால் உங்களிடம் இருப்பது ஆறு நிமிடம். அதே படகு பின்னால் இருந்து துரத்தினால் இருபத்து நான்கு நிமிடம். இரண்டு மைலில்தான் கண்டீர்கள் என்றால் பாதி. படகைத் தேடாமல் அதன் வெள்ளை நுரைக்கோட்டைத் தேடுங்கள், அது முதலில் தெரியும்.

காதையும் மறக்க வேண்டாம். கடல் விதியே பார்வையாலும் கேள்வியாலும் என்றுதான் சொல்கிறது. சில ஆளில்லா விமானங்கள் பழைய மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு வரும். பிரிட்ஜில் பாட்டுப் போட்டால் அது கேட்காது. வாடைக்காற்று பலமாக அடிக்கும் இரவில் காற்று மறைவான பக்கத்துக் கதவருகே நின்று கேளுங்கள்.

சொல்லுதல்

பார்ப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி வாயில் இருக்கிறது.

நான் ஏபியாக, அதாவது தேர்ந்த மாலுமியாக, இருந்த காலம். ஏடன் வளைகுடா, பன்னிரண்டு - நாலு வாச். மூன்று மணி தாண்டி இடது பக்கம் அடிவானத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம். உதிக்கிற நட்சத்திரம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேன். அதற்கு முந்தின இரவு ஒரு வெள்ளியை வெளிச்சம் என்று சொல்லி, ஒபிசர் சிரித்திருந்தார். மறுபடி சிரிப்பு வாங்க மனமில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே ராடாரில் கண்டு ஓடிவந்தார். பாய்மரத் தோணி ஒன்று, எங்கள் பக்கத்தில் உரசுவது போலப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. "எப்ப கண்டனீ?" என்று கேட்டார். "இப்பதான் சேர்" என்றேன். அந்தப் பொய் இன்றுவரை என் தொண்டையில் நிற்கிறது.

எனவே சொல்லும் முறையைச் சுருக்கமாகப் பழகுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை பாகை, என்ன, எவ்வளவு தூரம், என்ன செய்கிறது. "இடது முன்பக்கம் நாற்பது பாகை, சின்னப் படகு, மூன்று மைல், நம்மை நோக்கி." என்னவென்று தெரியாவிட்டால் "வெளிச்சம் ஒன்று, என்னவென்று தெரியவில்லை" என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்வது அவர் வேலை. திருப்பி அவர் சொல்லும்வரை விடாதீர்கள். கேட்டாரா என்று தெரியாமல் சொன்னது சொன்னதாகாது. சொன்ன பிறகும் அந்தப் பொருளை விட்டுவிடக்கூடாது, அதையே பார்த்துக்கொண்டும் நிற்கக்கூடாது. ஒரு சுற்று, மறுபடி அது; ஒரு சுற்று, மறுபடி அது.

இதை ஒபிசர்மாரும் வாசித்தால் ஒரு வேண்டுகோள்: வெள்ளியைக் காட்டுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "நல்லது, பார்த்தேன்" என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

தூக்கம் வந்தால்

வரும். அதிகாலை இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில் உடம்பு படுக்கத்தான் கேட்கும், நீங்கள் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும். 1749இல் பிரித்தானியக் கடற்படைச் சட்டம் வாச்சில் தூங்கினால் மரணதண்டனை வரை கொடுக்கலாம் என்று எழுதி வைத்தது. தூக்குக் கயிற்றைக் காட்டியும் மனிதர்கள் தூங்கினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ராடார்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் எதிரியைத் தவறவிடுகிறார்கள் என்று நோர்மன் மக்வர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். ஒரு கடிகார முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும்; அதைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே கவனம் சரிந்தது. தூங்கியவர்கள் அல்ல, கண் திறந்து உட்கார்ந்திருந்தவர்கள். ஆகவே முடிந்தால் அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்: பிரிட்ஜின் இடது சிறகில் (வெளியே நீண்ட பக்கத் தளம்) இருந்து வலதுக்கு, சுக்கானில் இருந்து பார்வைக்கு. ஆள் குறைந்த கப்பலில் ஒரே ஆள் என்றாலும் நிற்கும் இடத்தையாவது மாற்றலாம்.

சாய்ந்து நிற்காதீர்கள், உட்காராதீர்கள். குளிர் காற்று முகத்தில் படட்டும். தேத்தண்ணி, கோப்பி குடித்தால் வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் எடுக்கும், எனவே தலை சாயும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் மூன்றரைக்குக் குடித்தால் இறங்கிய பிறகு தூக்கம் வராது, அடுத்த இரவு வாச் அதற்கு வட்டி கட்டும். கண் எரிகிறது, அதே இடத்தை இரண்டு தடவை பார்த்தேனா என்று நினைவில்லை, கொட்டாவி அடுக்கடுக்காக வருகிறது என்றால் நீங்கள் ஏற்கனவே சில விநாடிகள் தூங்கிவிட்டீர்கள். பிரிட்ஜில் சில நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தாவிட்டால் அலறும் கருவி உண்டு. அது நீங்கள் அசைகிறீர்களா என்று மட்டும்தான் கேட்கும், பார்க்கிறீர்களா என்று கேட்காது. பொத்தானைத் தூக்கத்திலேயே அழுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசி மருந்து ஒன்றுதான்: ஒபிசரிடம் சொல்வது. "சேர், எனக்குக் கண் சொருகுது." வெட்கம் எவ்வளவு விலை போகும் என்பதற்கு 1942 ஓகஸ்ட் 9ஆம் திகதி பசிபிக்கின் சாலமன் தீவுகளில் உள்ள சாவோ தீவைப் பாருங்கள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத நேச நாட்டு மாலுமிகள். வாசலைக் காக்க புளூ, ரால்ஃப் டால்பட் என்ற இரண்டு நாசகாரிகள், ராடாரோடு. மிகாவாவின் ஜப்பானியப் படை புளூவைக் கண்டது. வேகத்தைக் குறைத்து, பீரங்கிகளை அதன்மேல் குறிவைத்தபடி ஊர்ந்து கடந்தது. புளூ அவர்களைக் காணவே இல்லை. ஜப்பானியரிடம் பெரிய பைனாகுலரும் இரவுப் பார்வைக்கென்றே பழக்கிய ஆட்களும் இருந்தார்கள். கான்பெரா, குவின்சி, வின்சென்ஸ், அஸ்டோரியா என நான்கு பெரிய கப்பல்கள் போயின, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூங்குகிறவன் கன்று கடாக்கன்று என்பார்கள். அந்த இரவு தூங்கியது ஒரு தனி மாலுமி அல்ல, களைத்துப்போன ஒரு படை. ராடார் இருக்கிறது என்ற நம்பிக்கையும் சேர்ந்து தாலாட்டியது.

கட்டி நிற்கும் கப்பலிலும்

துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் வாச் முடிந்தது என்று நினைப்பது எல்லோருக்கும் வரும் பிழை. 1995 ஏப்ரல் 19ஆம் திகதி இதே திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற சூரயா, ரணசுரு என்ற இரண்டு கடற்படைப் பீரங்கிப் படகுகளைக் கடற்புலிகளின் நீரடி வீரர்கள் தகர்த்தார்கள். நாட்டின் அடுத்த பத்தாண்டு எப்படிப் போனது என்பதை நான் எழுத வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு தெரியும். கட்டி நிற்கும்போது கடல் பக்கத்தையும் பாருங்கள், கயிறுகளைப் பாருங்கள், ஒழுக்குக்கு எதிராக நகரும் குப்பையைப் பாருங்கள், குமிழியைப் பாருங்கள். சில இரவுகளில் தண்ணீர் கிளறினால் பச்சையாக ஒளிரும். அப்போது அடியில் போவது மீனோ மனிதனோ, ஒரு கோடு தெரியும்.

இறங்கும்போது

கடைசி அரை மணிதான் மோசமானது. மனம் கட்டிலில் போய்ப் படுத்துவிடும், உடம்பு மட்டும் பிரிட்ஜில் நிற்கும். அந்த நேரத்துக்கென்று ஒரு வேலையை ஒதுக்கி வையுங்கள். நான் செய்தது: அடுத்தவனுக்குக் காட்ட வேண்டிய வெளிச்சங்களை ஒவ்வொன்றாக மெல்லிய குரலில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு மணிக்கு இருந்த படகு இப்போது எங்கே? காணவில்லை என்றால் ஏன் காணவில்லை? இப்படிக் கேட்டால் தூக்கம் கொஞ்சம் விலகி நிற்கும்.

வந்தவன் வெளிச்சத்தில் இருந்து வருகிறான். மணி நான்கு ஆனாலும் அவன் கண் பழகும்வரை அவனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் காட்டுவதை எல்லாம் அவன் தானாகத் திருப்பிக் காட்டட்டும், அப்புறம் இறங்குங்கள். கீழே போய்ச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கதை அளக்காமல், கறுப்புத் துணியை இழுத்து மூடிவிட்டுப் படுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய வொய்ஸ் மெசேஜ் எழும்பிய பிறகு போகலாம்.